நாறாத சேறு

நாறுதா சார்? நாறும். மூக்கை மூடிக்கணும்னா மூடிக்க. ஆனா ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு, வேடிக்கை பாக்குற மாதிரி கர்சீப்பை எடுத்து மூடுற பாரு, அது வேணாம். நேரா என்னைப் பாத்தே மூடு. முப்பத்தோரு வருஷமா ஊரே என்னைப் பாத்து மூக்கை மூடியிருக்குது. திருட்டுத்தனமா மூடுறவனைத்தான் எனக்குப் பிடிக்காது.

பயப்படாத, பொணம் இல்ல. சேறு. கடல் தண்ணி ஏறி இறங்குற கழிவெளியில அள்ளின வெறும் சேறு. கண்டக்டர் கேட்டான், மூட்டையில இன்னாய்யான்னு. சேறுன்னேன். எதுக்குன்னான். உன் வீட்டுக்கு இல்லன்னேன். அதோட போய்ட்டான். நீ உக்காரு சார், எழுந்திரிக்காத, வேற சீட்டு இல்ல. காலை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் வச்சுக்க. அந்த ஈரத்துணி நழுவக்கூடாது. வெயில் பட்டா இது செத்துடும்.

சிரிக்கிற. சேறு எப்படிச் சாகும்னு தானே? நானும் சிரிச்சவன்தான். இப்ப கேளு, உப்பங்குப்பம் வர்றதுக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது.

என் பேரு தாண்டவராயன். உப்பங்குப்பம் பேரூராட்சியில துப்புரவு மேஸ்திரி. பன்னெண்டு பேரை வச்சு வேலை வாங்குறவன். வாங்கினவன்னு சொல்லணும், இப்ப பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல போட்டுட்டானுங்க. ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கிறவனை. இன்னா தப்பு பண்ணேன்? சுத்தம் பண்ணேன். அதான் நான் பண்ண தப்பு. சுத்தம் பண்றதுக்குத்தான் சம்பளம், சுத்தம் பண்ணதுக்குத்தான் மெமோ. எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா?

எங்க ஊர்ச் சாக்கடை அஞ்சு வார்டுதும் ஒண்ணா சேந்து, சுடுகாட்டுக்குப் பின்னாடி இருக்கிற உப்புக் கால்வாயில நேரா விழும். கால்வாய் போய் கடல்ல விழும். கடல் ஏறினா கால்வாய் ஏறும், கடல் வத்தினா கால்வாய் வத்தும். காலங்காலமா அப்படித்தான். எவனும் கேக்கல. திடீர்னு ஒரு பொண்ணு வந்துச்சு, ஷைனி மேடம்னு. நாகர்கோவில் பக்கம். ஏதோ ஆராய்ச்சி நிலையத்துல இருந்து அனுப்பினாங்க. என் கடைசிப் பொண்ணு வயசுதான் இருக்கும். பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு சதுப்புல இறங்கி, நம்ம சாக்கடையை இந்தச் சேறே சுத்தம் பண்ணும்னு சொல்லுச்சு.

சாக்கடைக்கும் கால்வாய்க்கும் நடுவுல மூணு பாத்தி கட்டினாங்க. கீழ ஜல்லி, மேல அங்கயே தோண்டின சதுப்புச் சேறு, அதுல கோரையும் நாணலும் சம்பும். அவ்வளவுதான். மோட்டார் கிடையாது, மெஷின் கிடையாது, மருந்து கிடையாது. சாக்கடைத் தண்ணி இந்தத் தலைப்புல உள்ள போகும். மூணு பாத்தியிலயும் ஊறி ஊறி, ஏழெட்டு நாள் கழிச்சு அந்தத் தலைப்புல மடை வழியா கால்வாய்க்குப் போகும். என்னை அதுக்குக் காவலாப் போட்டாங்க. பாத்துக்க மேஸ்திரி, இது நம்ம ஊருக்கே பெருமைன்னு ஈஓ சொன்னாரு. ஈஓன்னா செயல் அலுவலர், பேரூராட்சிக்கு அவர்தான் எல்லாம்.

சரி மேடம், நான் இன்னா பண்ணணும்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணக்கூடாதுண்ணேன்னு சொல்லுச்சு. கோரையைப் பிடுங்கக்கூடாது, சேத்தைக் கிளறக்கூடாது, நத்தை, புழு, நண்டு எதையும் எடுக்கக்கூடாது. குப்பை விழுந்தா மட்டும் பொறுக்கணும். மத்ததைச் சேறு பாத்துக்கும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்குது, அதுங்கதான் அழுக்கைத் தின்னுது, நீங்க சும்மா இருந்தாலே போதும்ணேன்னுச்சு.

நல்லதுக்குத்தான் சொல்லுச்சு. ஆனா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு சார். இருபத்தெட்டு வயசுல வாளியும் துடைப்பமும் எடுத்தவன். எங்கப்பன் சாக்கடைக்குள்ள இறங்கினவன், நான் கம்பியை விட்டுக் குத்தினவன். தீபாவளிக்கு மறுநாள், தேருக்கு மறுநாள், புயலுக்கு மறுநாள், எல்லாரும் தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள ஊரை வழிச்சுத் தொடைச்சு வச்சவன். என்கிட்ட வந்து, உன்னைவிடச் சேறு நல்லா சுத்தம் பண்ணும், நீ கையைக் கட்டிக்கிட்டு உக்காருன்னா? எரியுமா எரியாதா?

ஒண்ணு ஒத்துக்கணும். வேலை செஞ்சுச்சு. ஆறு மாசம் கழிச்சு அந்த மடையில வந்த தண்ணியைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு வெயில்ல காட்டுச்சு அந்தப் பொண்ணு. கிணத்துத் தண்ணி மாதிரி இருந்துச்சு. எனக்கு நம்பிக்கை வரல. என் பொண்டாட்டிதான் நம்பினா.

பொண்டாட்டியைப் பத்திச் சொல்லணும். பச்சையம்மா. அந்தக் கால்வாயில கையால தடவி இறால் பிடிக்கிறவ. பாத்திருக்கியா நீ? வலை இல்ல, தூண்டி இல்ல. தண்ணி வத்துற நேரத்துல இறங்கி, கழுத்து வரைக்கும் தண்ணி வர்ற மாதிரி முட்டி போட்டு, பனையோலைப் பறிக்கூடையை வாயில கவ்விக்கிட்டு, ரெண்டு கையாலயும் அடிச் சேத்தைத் தடவித் தடவிப் பிடிக்கணும். பறி வாயில இருக்கிறதால தண்ணி எப்பவும் உதட்டுல பட்டுக்கிட்டே இருக்கும். அதே தண்ணியிலதான் அஞ்சு வார்டு சாக்கடையும். கையெல்லாம் சொறி, உதடெல்லாம் புண்ணு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ உதட்டை நான் புண்ணாத்தான் பாத்திருக்கேன். பாத்தி கட்டி ஒரு வருஷத்துல அந்தப் புண்ணு ஆறுச்சு சார். காரக் கொழம்பு ஊத்திச் சாப்பிட்டா. முப்பத்தஞ்சு வருஷத்துல முதல் தடவையா கொழம்புல இன்னும் ரெண்டு மிளகாய் கிள்ளிப் போடுன்னு மருமகளைக் கேட்டா. வாயெல்லாம் பல்லு.

மேடத்துக்கு ஒரு கிண்ணம் இறால் தொக்கு கொடுத்தனுப்பினா. எனக்கு இல்ல, மேடத்துக்கு. நான்தானே தூக்கிக்கிட்டுப் போனேன்.

இதெல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. அப்பதான் கலெக்டர் வர்றாருன்னு சொன்னாங்க.

நீ இன்னா வேலை பாக்குற? பேங்க்கா? அப்ப உனக்குத் தெரியாது. கலெக்டர் வர்றாருன்னா துப்புரவுக்காரன் வீட்டுல அடுப்பு எரியாது. மூணு நாள் முன்னாடியே ஈஓ என்னைக் கூப்பிட்டாரு. மேஸ்திரி, பாத்தியைப் பாக்கத்தான் வர்றாரு, ஆனா அந்த இடம் நாறுது, நாறக்கூடாது, பாத்துக்கன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. இன்னா போடு, இன்னா போடாதன்னு ஒரு வார்த்தை இல்ல. சொல்லவேண்டியது தானே? இப்ப அந்த ஆளு, நான் போடச் சொல்லவே இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கான்.

நாத்தம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா சாக்கடை நாத்தம் வேற, சேத்து நாத்தம் வேற. சாக்கடை நாத்தம் குடலைப் பிடுங்கும். சேத்து நாத்தம் கூமுட்டை உடைச்ச மாதிரி, மழைக்கு முன்னாடி கழிவெளியில இருந்து வருமே, அது. மேடம் சொல்லுச்சு, அந்த நாத்தம் இருக்கிற வரைக்கும் சேறு உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்ணேன்னு. எனக்குப் புரியாமலா இருக்குது? முப்பது வருஷம் மோந்த மூக்கு. ஆனா கலெக்டர் மூக்குக்கு ரெண்டும் ஒண்ணுதானே? வந்து நிக்கிறவரு மூக்கை மூடினா, யாரைப் பாத்து மூடுவாரு? சேத்தையா பாப்பாரு? என்னைப் பாத்துத்தான் மூடுவாரு. அந்த ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு பெரிய மனுஷன் என் பக்கத்துல நின்னு மூச்சை நல்லா இழுத்து விடணும்னு ஆசைப்பட்டேன். தப்பா?

விடியக்காலையில நாலு ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். சம்பையெல்லாம் தலை வெட்டி மட்டமாக்கினோம், பள்ளிக்கூடத்துப் பசங்க கிராப் மாதிரி. கரையோரம் கல்லு நட்டு சுண்ணாம்பு அடிச்சோம். காய்ஞ்ச கோரையை வாரினோம். நத்தை ஒரு கூடை. அப்புறம் பிளீச்சிங் பவுடர் மூணு மூட்டை. ரோட்டோரம் ரெண்டு பக்கமும் கோடு போட்டது ஒரு மூட்டைகூட ஆகல. மிச்சத்தை இன்னா பண்றது, திருப்பி ஸ்டோர்லயா வைக்கிறது? மூணு பாத்தியிலயும் தூவிட்டேன். நல்லா, கை நிறைய அள்ளித் தூவினேன். பனி விழுந்த மாதிரி இருந்துச்சு சார். அவ்வளவு அழகு. கலங்கலா நின்ன தண்ணி வெளிய போகட்டும்னு மடையையும் தொறந்து விட்டேன். கால்வாய் வத்துற நேரம், சர்ருன்னு இழுத்துக்கிட்டுப் போச்சு.

மேடம் தொடாதன்னு சொல்லியிருந்துச்சான்னு கேக்குற. ஒரே ஒரு தடவ சொல்லுச்சு. சரி, நாலஞ்சு தடவ இருக்கும். போர்டுகூட வச்சிருந்துச்சு, கை வைக்காதீர்னு. அது பொதுமக்களுக்கு சார். மேஸ்திரிக்கா போர்டு வைப்பாங்க?

கலெக்டர் வந்தாரு. வண்டியை விட்டு இறங்கினாரு. நாலு நிமிஷம் நின்னாரு. மூக்கை மூடல. சத்தியமா மூடல. மூச்சை இழுத்துப் பாத்துட்டு, "நல்லா சுத்தமா வச்சிருக்கீங்களே"ன்னாரு. என்னைப் பாத்து சார். ஈஓவைப் பாத்து இல்ல, என்னைப் பாத்து. நான் கும்பிட்டேன்.

அந்தப் பொண்ணு மட்டும் பாத்தி ஓரத்துல குந்தி உக்காந்து, வெள்ளையா கிடந்த சேத்தை ஒரு கை அள்ளி மோந்து பாத்துச்சு. கண்ணுல தண்ணி. கலெக்டர் வண்டி போன பிற்பாடு என்கிட்ட வந்துச்சு. திட்டும்னு நினைச்சேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். "இது இப்படி ஆகுறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே"ன்னுச்சு. அவ்வளவுதான். சேத்துக்கு யாராவது அழுவாங்களா சார்? அப்பன் ஆத்தா செத்தா அழலாம்.

எனக்கு அப்பவும் கோவம்தான். கலெக்டரே பாராட்டிட்டாரு, இந்தப் பொண்ணு இன்னா அழுவுதுன்னு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல பச்சையம்மா உக்காந்திருக்கா, ஈரப் பொடவையோட. கண்ணு ரெண்டும் மிளகாய்ப்பழம். உதடு வெந்து, வீங்கி, தோல் உரிஞ்சு தொங்குது. காலடியில பறி. பறி நிறைய இறால். எப்பவும் துள்ளுமே, ஒண்ணுகூட துள்ளல. இன்னா ஆச்சுடின்னு கேட்டேன். அவளால வாயைத் தொறந்து பேச முடியல. பறியைத் தூக்கி என் காலடியில கவுத்தா. பெறவு மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, "நீ சுத்தம் பண்ண தண்ணியில செத்தது"ன்னா.

நீயே சொல்லு சார். கலெக்டர் வர்ற அன்னைக்கு எவளாவது கால்வாயில இறங்குவாளா? வத்துற நேரம்னா இறங்கித்தான் ஆகணுமா? நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தூங்கிக்கிட்டு இருந்தா. இன்னைக்குப் போகாதடின்னு சொல்லியிருப்பேன், எழுப்ப வேணாம்னு பாத்தேன். கால்வாய் எப்ப வத்தும்னு தெரியாதான்னா, தெரியும். முப்பத்தஞ்சு வருஷமா அந்த நேரத்துக்குத்தான் எங்க வீட்டுல சோறு. தெரியும்னா எல்லாம் நினைப்புல இருக்குமா? மனுஷனுக்கு அன்னைக்கு ஆயிரம் வேலை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், களிம்பு கொடுத்தாங்க. பத்து நாள்ல ஆறிடுச்சு. ஆறிடுச்சுன்னுதான் சொல்றேன், இன்னும் ஏன் அப்படிப் பாக்குற?

அவ சண்டை போடல. அதுதான் எனக்குத் தாங்கல. சோறு வைப்பா, துணி தொவைப்பா. பேச மாட்டா. நம்ம கால்வாயை விட்டுட்டு, பஸ் ஏறி இந்தச் செட்டிமேட்டுக் கழிவெளிக்கு வந்துடுவா இறால் பிடிக்க. போக ஒரு மணி, வர ஒரு மணி. நம்ம கால்வாயில இப்ப ஒண்ணும் இல்ல. பாத்தி செத்துப் போச்சு, சாக்கடை அப்படியே கருகருன்னு மடை வழியா போகுது, பழையபடி. சம்பு பழுத்துச் சாஞ்சிடுச்சு. சேத்தை ஒரு கை அள்ளி மோந்தேன். அடுப்புச் சாம்பல் மாதிரி இருக்குது. நாறவே இல்ல சார். மூணு மாசம் அந்தச் சேறு நாறவே இல்ல.

மெமோ அதுக்கப்புறம்தான் வந்துச்சு. மீன்காரங்க மறியல் பண்ணாங்க, உடனே கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கேட்டாங்க, ஈஓ என்னைக் காட்டிக் கொடுத்துட்டாரு. நல்லா சுத்தமா வச்சிருக்கீங்களேன்னு சொன்ன அதே கலெக்டர் வாயிதான் கேட்டுச்சு. மேடம் என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்கல, அதையும் சொல்லணும். பழைய சதுப்புல இருந்து ஒரு டிப்பர் நல்ல சேறு கொண்டாந்து கலந்தா, தயிருக்கு உறை ஊத்துற மாதிரி, மறுபடி உசுரு வரும்னு எழுதிக் கொடுத்துச்சு. ஃபைல் போயிருக்குது. எங்க போச்சுன்னு அந்த ஃபைலுக்கே தெரியாது. எவனுக்கும் அக்கறை இல்ல சார், ஒருத்தனுக்கும் இல்ல.

எனக்கு சும்மா உக்கார முடியல. அதான் இது. யாருக்காகவும் இல்ல, குத்தம் பண்ணிட்டேன்னு இல்ல. நான் ஒரு குத்தமும் பண்ணல. ஞாயித்துக்கிழமை லீவு, கை சும்மா இருக்குது, அவ்வளவுதான். முதல் மூட்டையை வீட்டுக்குப் பின்னாடி போட்டு, சல்லடை வச்சு சலிச்சேன். கிளிஞ்சல், நத்தை, செத்த இலை, நெளியுற புழு எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுட்டு, ரெண்டு தண்ணி ஊத்தி அலசி, பொங்கலுக்குக் களைஞ்ச அரிசி மாதிரி ஆக்கி வச்சிருந்தேன். பச்சையம்மா கொல்லைக்கு வந்தவ நின்னு பாத்தா. ஒரு மாசமா பேசாதவ. "இதையும் கழுவிட்டியா"ன்னா. போய்ட்டா.

அந்த மூட்டையால ஒரு பிரயோஜனமும் இல்ல. ரெண்டாவதுல இருந்து அள்ளினது அள்ளினபடி கொண்டாந்து கொட்டுறேன். புழுவோட, நத்தையோட, நாத்தத்தோட. ஈரத்துணி போத்தி. பாத்தியில கொட்டி, காலால மிதிச்சு விடுவேன். கிளறக்கூடாது, மிதிச்சு மட்டும் விடணும். மேடம்கிட்ட கேட்டுத்தான் செய்றேன், ஃபோன்ல. இன்னியோட பத்து மூட்டை. ஒரு டிப்பருக்கு எத்தனை மூட்டைன்னு கேக்காத. தெரிஞ்சா நின்னுடுவேன்.

போன ஞாயித்துக்கிழமை இப்படித்தான், ஒம்பதாவது மூட்டையைக் கொட்டிட்டுக் கரையில காலைக் கழுவிக்கிட்டு இருந்தேன். அன்னைக்குக் கழிவெளி மத்தியானம் வத்துது, பச்சையம்மா அந்த நேரத்துக்குத்தான் பஸ்ஸுக்குப் போறா, பறியை இடுப்புல வச்சுக்கிட்டு. சுடுகாட்டு வழிதான் குறுக்கு வழி. என்னைப் பாத்தும் பாக்காத மாதிரி தாண்டிப் போனா. பத்தடி போனவ நின்னா. திரும்பி வந்தா. மூணாவது பாத்தி ஓரத்துல, நான் மொதல்மொதல்ல கொட்டின இடத்துல குனிஞ்சு, ஒரு கை சேறு அள்ளினா. மூக்குக்கிட்ட கொண்டு போனா.

உடனே மூஞ்சியைச் சுளிச்சா சார். முந்தானையை இழுத்து மூக்கை மூடினா.

முப்பத்தோரு வருஷமா எத்தனை பேர் என் எதிர்ல மூக்கை மூடியிருப்பான். ஒவ்வொருத்தனையும் அறையணும்னு தோணியிருக்குது. அவ மூடினப்ப எனக்கு சந்தோஷம் தாங்கல. கத்தணும் போல இருந்துச்சு. கத்தல. ஒண்ணும் பாக்காத மாதிரி காலைக் கழுவிக்கிட்டே இருந்தேன். அவ சேத்தைத் திரும்ப அதே இடத்துல வச்சா. தூக்கிப் போடல, வச்சா. கையைப் பொடவையில தொடச்சுக்கிட்டுப் பஸ்ஸுக்குப் போய்ட்டா. இன்னும் பேசல. ஆனா அன்னைக்கு ராத்திரிச் சோத்துக்கு ரெண்டு இறால் இருந்துச்சு என் தட்டுல.

இதோ, வந்துடுச்சு. அந்த வளைவு தாண்டினா எங்க ஸ்டாப்பு. கண்டக்டர், உப்பங்குப்பம், ஆள் இறங்கணும், வண்டியை நிறுத்தித்தான் எடுக்கணும். சார், ஒரு கை பிடி. மூட்டை கனம், ஈரம் இறங்கினா இன்னும் கனம். சட்டையில படாது, நான் அந்தப் பக்கம் சாச்சுப் பிடிச்சுக்கிறேன். இன்னா யோசிக்கிற? நாறுது, அவ்வளவு தானே?

ஒரு கையால மூக்கை மூடிக்க சார். நல்லா மூடிக்க. இன்னொரு கையால பிடி.